நாலே முக்கால் அடி

வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கிறது. நான்தான் முந்திக்கொண்டு வந்துவிட்டேன். தனியாக உட்கார்ந்தால் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று வந்தேன், ஆனால் யோசிக்கவென்று உட்கார்ந்தால் மண்டைக்குள் ஒன்றும் நகர்வதில்லை, நகர்ந்தாலும் செக்குமாடு மாதிரி அதே வட்டம்தான். வைப்பதா, எடுப்பதா. மைதானத்தில் பிள்ளைகள் கம்பு சுற்றுகிறார்கள், புழுதி கிளம்பி வேப்பமரத்தில் ஏறுகிறது, அதில் வதனி எது என்று இங்கிருந்து தெரியவில்லை. வரிசையில் குள்ளமாக நிற்பதைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். சீ, என்ன நினைப்பு இது, யாராவது கேட்டால் என்ன ஆகும். யாரும் கேட்கவில்லை, காருக்குள் நான் மட்டும்தான் இருக்கிறேன், நானும் பின்சீட்டில் அந்த பூஸ்டர் சீட்டும், பெல்ட் சரியாகப் படியப் பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கிற இருக்கை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மணை. "பிள்ளய மணையில ஏத்திட்டியா?" என்று அத்தை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள், என் மாமியார், வதனியின் ஆச்சி, கேலியை ஊறுகாய் மாதிரி தினமும் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறவள். சிலம்ப வகுப்பில் பையன்கள் வதனிக்கு முக்காலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன வாரம் அழுதுகொண்டே வந்து ஏறினாள், எனக்கு அது வேண்டாம் சித்தி, நா பெரிய பிள்ள. சனிக்கிழமை சொல்லுதேன் என்று வாயை விட்டுவிட்டேன். இன்று சனிக்கிழமை. நாளை காலையில் மதுரைக்குப் போகிறோம், கோமதியின் தங்கை கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்பு. கோமதி என்றால் வதனியைப் பெற்றவள். அவள் பிறந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள், கார் கதவு திறக்கும், முதலில் அவர்கள் பார்க்கப் போவது என்னையா, பிள்ளையையா, அந்த மணையையா.

அதை வாங்கியதே கோமதிதான். வதனிக்கு மூன்று வயதில், சென்னையில் எங்கோ ஒரு கடையில் பார்த்து, அடம்பிடித்து வாங்கினாளாம், நாலு வயசுக்கு மேல ஆகும்னு சொல்லி ஒரு வருஷம் பரணில் வைத்திருந்தாளாம். இரண்டே வருடம் அதில் பிள்ளையை ஏற்றி இறக்கினாள், பிறகு மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். நான் வந்தபோது வதனிக்கு ஏழு, காருக்குள் அது இருந்தது, நான் கேள்வி கேட்கவில்லை, இருந்ததை இருந்தபடி வைத்தேன். வந்த வீட்டில் பாதிப் பொருள்கள் அப்படித்தான், யாரோ வைத்த இடத்தில் இருக்கும், நகர்த்தினால் குற்றம், நகர்த்தாவிட்டால் சோம்பேறி. நிலைக்கதவின் ஓரத்தில் கோமதி வதனியின் உயரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாளாம், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று. எங்கள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வர்ணம் அடித்தபோது அதன் மேலும் அடித்துவிட்டார்கள். நான் அடிக்கச் சொல்லவில்லை, நான் அப்போது கோவில்பட்டியில் எந்தப் புடவை எடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் கல்யாணத்துக்குத்தானே அடித்தது. விரலை வைத்துத் தடவினால் இப்போதும் பள்ளம் தெரியும், அழுத்திப் போட்டிருக்கிறாள், கடைசிக் கோடு என் நெஞ்சுக்கு நேரே. அதற்கு மேல் யாரும் போடவில்லை. நான் போடலாமா என்று எத்தனையோ முறை பேனாவை எடுத்திருக்கிறேன், கை வரவில்லை, அது அவள் எழுதிக்கொண்டிருந்தது, நடுவில் நான் யார். இப்போது மணையும் காரை விட்டுப் போனால் அவள் வைத்ததில் இன்னொன்று போகும், அதையும் நான்தான் எடுத்தேன் என்று ஆகும். இவரைக் கேட்டால், "நீதான தினமும் கூட்டிட்டுப் போற, உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யி" என்கிறார். நல்ல மனுஷர், யார் மனமும் நோகக்கூடாது, அதனால் எல்லா முடிவையும் என் தலையில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

வயதைப் பார்க்காதீர்கள், பெல்ட் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள் என்றார் டாக்டர், வதனிக்குத் தடுப்பூசி போடப் போனபோது நானாகத்தான் கேட்டேன். முதுகு சீட்டோடு ஒட்டி இருக்கணும், முழங்கால் சீட்டு விளிம்பில் மடங்கணும், கீழ் பெல்ட் தொடையில் படியணும், மேல் பெல்ட் தோளில் போகணும், கழுத்தில் இல்லை. "அப்பிடியே கடைசி வரைக்கும் உக்காந்து வரணும்மா, ஏறும்போது மட்டும் இல்ல. வயித்துல எலும்பு கிடையாது. இடுப்பெலும்பு தாங்கும், வயிறு தாங்காது." உயரம் எவ்வளவு இருக்கணும் சார் என்றேன். நாலே முக்கால் அடிக்குப் பக்கத்துல வரட்டும் என்றார். நாலே முக்கால் அடி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நானே நாலடி பத்து அங்குலம்தான், செருப்பில்லாமல் நின்றால் அதுவும் சந்தேகம். அஞ்சலகக் கவுன்ட்டரில் எனக்கு மட்டும் நாற்காலிக்கு அடியில் ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். கோமதி நெட்டை. படத்தில் பார்த்திருக்கிறேன், இவர் தோளுக்குத் தோள் நிற்கிறாள், பனைமரம் மாதிரி இருப்பா என்று தெருவில் இன்னும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு என்னைக் கீழே பார்க்கிறார்கள். பெற்றவளும் நெட்டை, தகப்பனும் நெட்டை, பிள்ளை மட்டும் ஏன் அப்படியே நிற்கிறாள். வயதுக்குச் சரியான உயரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்வதைத் தெரு கேட்குமா? பத்து நடக்குது, இன்னும் மணையில வச்சுக் கூட்டிட்டுப் போறா, என்னத்தத் திங்கக் குடுக்காளோ. ஒன்பது முடிந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன, ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் முடிந்த வயது கிடையாது, நடக்கிற வயதுதான். என் பெயர் வேறு இசக்கி. எங்கள் கோயிலில் இசக்கியம்மனுக்குக் கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. சித்திக்குப் பொருத்தமான பெயர்தான் என்று கல்யாணப் பந்தியிலேயே யாரோ சொல்லி, யாரோ சிரித்து, எனக்குக் கேட்காத மாதிரி நான் பாயசத்தைக் குடித்தேன்.

அந்தப் பால். எதை நினைத்தாலும் அந்தப் பாலில்தான் வந்து முட்டுகிறது. கல்யாணமாகி வந்த புதிது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வதனி கூடத்தில் காற்றாடிக்குக் கீழே குறுக்காகப் படுத்துத் தூங்குகிறாள், அடுப்பில் பால். பொங்குகிற சத்தம் கேட்டது, ஓடினேன், சுற்றிப் போக நேரமில்லை, ஒரே தாண்டு. அத்தை பூப் போல உட்கார்ந்திருந்தவள் பூகம்பம் வந்த மாதிரி எழுந்தாள். "ஏட்டி, பிள்ளயத் தாண்டிட்டியே! தாண்டினா வளராதுட்டி! திருப்பித் தாண்டு, திருப்பித் தாண்டு!" நான் அடுப்பை அணைத்துவிட்டு, கரித்துணியால் பாலைத் துடைத்துவிட்டு வருவதற்குள் அந்தச் சத்தத்தில் வதனி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எப்படித் தாண்டுவது? நான் சிரித்தேன். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று, தாண்டினதைக்கூட மறந்திருப்பாள், சிரித்ததை மறக்கவில்லை. இன்னொரு நாள் தூங்கும்போது தாண்டியிருக்கலாம், ஒரு நொடி வேலை, ஆனால் அதைச் செய்தால் நம்புகிறேன் என்று ஆகிவிடும். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றால் ஏன் இப்போதும் வதனி தூங்கும்போது சுவரோரமாகச் சுற்றிப் போகிறேன், ஏன் பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்கிற நாளில் அவள் வந்ததும் முதலில் அதையே கேட்கிறேன். பிள்ளை வளர்ந்தால் அது அவள் அப்பா அம்மா வாகு, வளராவிட்டால் நான். இதுதான் கணக்கு. அதனால்தான் என் மேலேயே எனக்குச் சந்தேகம். மணையை எடுத்துவிடலாம் என்று மனம் ஓடுவது பிள்ளை கேட்டதற்காகவா, நாளைக்கு மதுரையில் நாலு பேர் "அட, நல்லா வளந்துட்டாளே" என்று சொல்வதைக் கேட்க எனக்கு ஆசையா? ஆசைதான். ஒத்துக்கொள்கிறேன், நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி ஆசை. வேண்டாம், இருக்கட்டும் என்றால் மட்டும்? அப்போது அது பிள்ளைக்காகவா, அல்லது ஏதாவது ஆனால் "பெத்தவளா இருந்தா எடுத்திருப்பாளா" என்று கேட்பார்களே, அந்தப் பேச்சுக்குப் பயந்தா? எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் நானே நிற்கிறேன், பிள்ளையைக் காணோம்.

பூசணிக்காய் மட்டும் பொய் சொல்லாது. போன மாதம் நாலுவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தோம், கயத்தாறு தாண்டி, எதிர்த்திசையில் ஒரு ஆட்டோ, வரக்கூடாத பக்கத்தில் சாவகாசமாக வருகிறான், இவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்சீட்டில் வதனிக்குப் பக்கத்தில் வைத்திருந்த பூசணிக்காய் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பறந்து வந்து முன்னால் மோதி உடைந்தது. நாள் முழுக்கப் பார்சல் எடை போடுகிறவள் நான், கையில் எடுத்தால் சொல்லிவிடுவேன், அது நாலு கிலோ இருக்கும், அதற்கே அந்தச் சத்தம். வதனி இருபத்தாறு கிலோ. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கழுத்து திரும்ப மாட்டேன் என்றது, கண்ணாடியில்தான் பார்த்தேன், இரண்டு கண், முழித்துக்கொண்டு, மணைமேல் வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல். "சித்தி, பூசணிக்கா போச்சு" என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, நல்லதாப் போச்சு, திருஷ்டி கழிஞ்சுது என்றாள். எனக்குக் கழியவில்லை. பூசணி விதை இப்போதும் ஏசி துவாரத்துக்குள் ஒன்று கிடக்கிறது, குச்சியால் குடைந்தும் வரவில்லை, ஏசி போட்டால் லேசாக ஆடுகிற சத்தம் கேட்கும். நாளை அதே சாலை. அதே மாதிரி ஒருவன் வருவான், வராமலும் இருப்பான். எல்லோரும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள், பைக்கில் டேங்க் மேல் உட்கார வைத்துப் போகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகாதவர்களைத்தான் நாம் பார்க்கிறோம்.

இறங்கிப் பின்சீட்டுக்கு வந்தேன். மணையை எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன், பிள்ளை உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியட்டுமே. மணை இருந்த இடத்தில் சீட்டு அமுங்கிப் போயிருக்கிறது, பிஸ்கட் தூள், ஒரு ஹேர்பின். பெல்ட்டை இழுத்து மாட்டினேன், எனக்கே கழுத்தில் வந்து அறுத்தது, வழக்கம்போல அதை அக்குளுக்குக் கீழே தள்ளிவிட்டேன், கை தானாகப் போயிற்று. ஓட்டும்போதும் நான் அப்படித்தான் போடுவேன், புடவை மடிப்பும் கசங்காது, கழுத்தும் எரியாது, போலீஸ்காரருக்குப் பெல்ட் தெரிந்தால் போதாதா. மணையை எடுத்து டிக்கியில் வைத்தேன். சும்மா, பார்ப்போம் என்றுதான். மூடும்போது கோமதியின் முகத்தின்மேல் மூடுகிற மாதிரி இருந்தது, நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவள் முகம். வைத்துவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தால் கண்ணாடியில் பின்பக்கம் வெறிச்சென்று இருக்கிறது.

விசில். புழுதிக்குள்ளிருந்து வதனி ஓடி வருகிறாள், கையில் கம்பு. கார்ப் பக்கத்தில் வந்து கம்பைத் தரையில் ஊன்றி நேராக நின்றாள். "சித்தி, பாருங்க! கம்பு மூக்குக்குத்தான் வருது. மாஸ்டர் புதுசு வாங்கச் சொல்லிட்டாவ!" சேரும்போது அவள் நெற்றி உயரத்துக்குப் பார்த்து வெட்டிக் கொடுத்த கம்பு. அப்போது புருவத்துக்கு மேலே நின்றது, இப்போது மூக்கு நுனி. எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. வளர்ந்திருக்கிறாள், என் சமையலில், என் கண் முன்னால், நான்கு விரல் அளவு வளர்ந்திருக்கிறாள். அவள் பின்கதவைத் திறந்தாள். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எடுத்துட்டியளா?" என்றாள். "சும்மா உக்காந்து காட்டு, பாப்போம்" என்றேன். ஏறினாள். முதுகை ஒட்டினாள், கழுத்தை நீட்டினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பெல்ட் தோள் ஓரத்தில் பட்டும் படாமலும் நின்றது. சரியாக இருக்கிற மாதிரித்தான் இருந்தது. எனக்கும் மூச்சு நின்றது. இருக்கட்டும், போதும், வளர்ந்துவிட்டாள், நாளைக்குக் கதவைத் திறந்து அவளே இறங்கட்டும், கோமதி தங்கை பார்க்கட்டும், தெரு பார்க்கட்டும். வண்டியை எடுத்தேன்.

மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் ஒரு வேகத்தடை. கண்ணாடியில் அவள் முகம் இல்லை, வகிடுதான் தெரிகிறது. சறுக்கி முன்னால் வந்துவிட்டாள், முழங்கால் விளிம்புக்கு எட்டாததால் அப்படித்தான் வருவாள். பெல்ட் கழுத்துக்கு ஏறியது. அப்போது அந்தச் சின்னக் கை மேலே வந்து, பெல்ட்டைப் பிடித்து, அக்குளுக்குக் கீழே தள்ளிவிட்டது, பார்க்காமலே, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. ஓரமாக நிறுத்தினேன்.

"பெல்ட்ட யாரு அப்பிடிப் போடச் சொன்னா?"

"நீங்க அப்பிடித்தான போடுதிய."

குனிந்து பார்த்தேன். என் பெல்ட் என் அக்குளுக்குக் கீழேதான் கிடந்தது. வளர்ந்தால் உயரம் அவள் அம்மாவுடையது, நிறம் அவள் அப்பாவுடையது, என்னிடமிருந்து பிள்ளைக்கு ஒன்றும் போகவில்லை என்று இருந்தேனே, இது போயிருக்கிறது. சந்தோஷப்படுவதா, அறைந்துகொள்வதா. இறங்கிப்போய் டிக்கியைத் திறந்தேன். மணையை எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது, அழுகை வருமுன்னே கதவைத் திறந்து கம்போடு கீழே இறங்கிவிட்டாள்.

"இன்னும் பத்தாதா? கம்பே சின்னதாப் போச்சுல்லா?"

"வளந்துட்ட வதனி. ஆனா இன்னும் கொஞ்சம் வேணும். பெல்ட் கழுத்துல ஏறுது, நீயே பாத்தல்ல."

"மத்த பிள்ளைங்க ரெண்டு தடவ கம்பு மாத்தியாச்சு. நா இப்பத்தான் மொத தடவ." மூக்கை உறிஞ்சினாள். "ஆச்சி சொன்னது நெசமா? நீங்க என்னயத் தாண்டிட்டியளா?"

இந்தக் கேள்வி எனக்கு எதிரில் வந்து நிற்கும் என்று இரண்டு வருடமாகத் தெரியும், இவள் வாயிலிருந்து வரும் என்று மட்டும் தெரியாது. மூடநம்பிக்கை என்று சொல்லலாம், டாக்டர் சொன்னதைச் சொல்லலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எத்தனை நாளாக இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"ஆமா. தாண்டினேன். பால் பொங்கிட்டு, ஓடினேன்."

"திருப்பித் தாண்டலையா?"

"நீ எந்திரிச்சுட்ட."

கம்பை மைதானத்து மதில்மேல் சாய்த்துவைத்துவிட்டு அந்தச் சாலையோர மண்ணில் அப்படியே மல்லாந்து படுத்தாள். "அடுப்பு அந்தப் பக்கம்னு வச்சுக்குவோம். நீங்க அடுப்புலேருந்து வாங்க" என்றாள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மார்கள் நிற்கிறார்கள். எதிரே டீக்கடை, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர். கவுன்ட்டருக்கு வந்து என்னை மேடம் என்று கூப்பிடுகிற ஒருவர்கூட அதில் இருக்கிறார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்பு இருக்கிற பக்கம் போய் நின்றேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தாண்டினேன், மெதுவாக, இந்த முறை மெதுவாக. ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம், நடுவில் கீழே அவள் வயிறு மூச்சு வாங்கி ஏறி இறங்குகிறது, எலும்பு இல்லாத வயிறு. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

எழுந்து மண்ணைத் தட்டினாள். அழுகை போன இடம் தெரியவில்லை. மணையை நான் வைப்பதற்கு முன்னால் அவளே வாங்கிச் சீட்டில் வைத்து, ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தோளில் போட்டு மாட்டினாள். நான் முன்னால் வந்து என் பெல்ட்டை அக்குளிலிருந்து எடுத்துத் தோளில் போட்டேன், கழுத்தில் எரிந்தது, எரியட்டும் என்று விட்டேன். கண்ணாடியில் இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நாளைக்கி மதுரையில பெரிய பிள்ள இன்னும் இதுல உக்காருதாளேன்னு கேட்டா?"

"சித்திதான் விடமாட்டேங்கான்னு சொல்லு" என்றேன்.